ஏரிக்கு மேலே கொல்லை: மணிச்சத்து எங்கே போகிறது?

கேள்வி: பெங்களூருக்கு அருகே ஆனேக்கல் பக்கம் ஏரிக்கு மேலே ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் கேழ்வரகு வைத்திருக்கிறேன். ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, 2 டன் கோழி எரு போடுகிறேன். ஏரி பச்சையாகிவிட்டது, உன் கொல்லை உரம்தான் காரணம் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஏரியைப் பச்சையாக்கும் பாசிக்குத் தீனி பெரும்பாலும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். முதலில் அதன் கணக்கைப் போடுங்கள். 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து (மூட்டையில் அச்சிடும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில்) 23 கிலோ. கோழி எருவில் டன்னுக்குச் சுமார் 26 கிலோ. ஆக ஏக்கருக்கு 75 கிலோ. மானாவாரிக் கேழ்வரகுக்குச் சிபாரிசு ஹெக்டேருக்கு 40, அதாவது ஏக்கருக்கு 16 கிலோதான். எரு ஒன்றே போதும். டிஏபி மூட்டை தண்டச்செலவு.

ஆனால் மண்ணில் மிஞ்சியதெல்லாம் ஏரிக்குப் போய்விடாது. செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த மண்ணே அரித்துக்கொண்டு போனால்தான் வம்பு. அதனால் மண்ணில் மணிச்சத்துச் சரக்கு எவ்வளவு, அது ஏரிக்குப் போக வழி உண்டா என்று இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பாஸ்பரஸ் இன்டெக்ஸ் என்று வெளிநாட்டில் மதிப்பெண் போடுவதும் இப்படித்தான்.

சரக்கைப் பார்க்க மண் பரிசோதனை. உரம் போடுவதற்கு முன், கொல்லையில் குறுக்கும் நெடுக்குமாக 10–15 இடங்களில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்துக் கலந்து அரைக் கிலோ அனுப்புங்கள். எருக்குப்பை, வரப்பு, மரத்தடி வேண்டாம். மேல் 5 செ.மீ. மண்ணைத் தனிப் பையில் கொடுங்கள். மழைநீர் உரசிப் போவது அந்த மேல்தோலைத்தான், எருவைத் தூவி உழாமல் விட்ட கொல்லையில் சத்து அங்கேதான் குவிந்திருக்கும். மணிச்சத்தை அளக்க அமில மண்ணுக்கு ‘ப்ரே’ முறை, நடுநிலை, கார மண்ணுக்கு ‘ஓல்சன்’; மாற்றிச் செய்தால் எண் தப்பு. பரிசோதனை முடிவு அட்டையில் இருப்பது பாஸ்பரஸா, மூட்டையில் அச்சிடும் பாஸ்பரஸ் பென்டாக்சைடா என்றும் கேளுங்கள். முன்னதை 2.29-ஆல் பெருக்கினால் பின்னது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வழியைப் பார்க்க ஒரு நல்ல மழை போதும். தண்ணீர் எந்த வரப்பு மூலையை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது, அது புல்வெளியில் பரவி நிற்கிறதா, நேராக ராஜகால்வாயில் (ஏரிக்குப் போகும் பெரிய மழைநீர்க் கால்வாயில்) விழுகிறதா என்று கவனியுங்கள். உடைந்த மூலைக்குக் கீழே விசிறிபோல் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். மணிச்சத்து ஒட்டுவது அந்த நைஸான மண்ணில்தான். சரிவை அளக்கத் தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடியுங்கள்: 10 மீட்டருக்கு 30 செ.மீ. இறங்கினால் 3 சதவீதம். மேலிருந்து கீழாக உழும் கொல்லையில் அதுவே அரிப்புக்குப் போதும்.

மூலையைக் கட்டுங்கள், சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், எருவை அன்றே மண்ணுக்குள் புரட்டுங்கள். பெருமழைக்கு முன் மேலே தூவாதீர்கள். கீழ் வரப்பில் புல் விட்டால் வண்டல் நிற்கும். கரைந்து ஓடுவது நிற்காது.

கேள்வி: ஓடும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லைதானே?

பதில்: அப்படி நம்ப வேண்டாம். எரு தூவிய மேல்மண்ணிலிருந்து வருவது பெரும்பாலும் கரைந்தே வரும், கண்ணுக்குத் தெரியாது. லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் பாஸ்பரஸைத் தாண்டினாலே ஏரியைச் சத்து மிகுந்தது என்பார்கள். 1 கிலோ பாஸ்பரஸ் சுமார் 2.86 கோடி லிட்டரை அந்த நிலைக்குக் கொண்டுபோகும். சோதிக்கத் தண்ணீர் பிடிக்கிறவர்கள் பாட்டிலை சோப்புத் தூள் போட்டுக் கழுவாதீர்கள். சிலவற்றில் பாஸ்பேட் உண்டு. ஐஸில் வைத்து அன்றே ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பெங்களூரில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் நுரைப்பதற்கும் விவசாயிகளா காரணம்?

பதில்: இல்லை. அங்கே பெரும்பங்கு சாக்கடைக்கும் டிடர்ஜென்டுக்கும். சாக்கடை எட்டாத கிராமத்து ஏரி என்றால்தான் கொல்லைப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும்.