வாசகர் கேள்விகள்: இருவர் மட்டுமே உள்ள படகு

பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு, கணவனும் மனைவியும் மட்டும் மாதக்கணக்கில் கடலில் செல்லும் வாழ்க்கையைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. நானும் என் மனைவியும் அவ்வாறு வாழ்ந்தவர்கள் என்பதால், பட்டறிந்தவற்றையும் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் வேலையை விட்டுவிட்டு, 11 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் நெடும்பயணம் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். சரியான மாதத்தில் சரியான கடலில் இருந்தால் வானிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை என்கிறார் அவர். இது உண்மையா?

பதில்: பாதி உண்மை. வட அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை எனக் கணக்கிடப்படுகிறது. கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்குச் செல்லும் படகுகளில் பெரும்பாலானவை நவம்பர் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ புறப்படுவதற்கு இதுவே காரணம். தென் பசிபிக்கில் புயல் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். அந்த மாதங்களில் அங்குள்ளவர்கள் புயல் பாதையை விட்டு விலகிவிடுவார்கள், அல்லது பாதுகாப்பான துறைமுகத்தில் படகைக் கட்டிவிடுவார்கள். இந்த நாட்காட்டியை மதிப்பவர்கள் பெரும்புயலைச் சந்திப்பது அரிது.

ஆனால் கேனரியிலிருந்து கரீபியன் ஏறத்தாழ 2,700 கடல் மைல் (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்). உங்கள் படகு ஒரு நாளில் 130 கடல் மைல் கடக்கும் என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரப் பயணம். வானிலை முன்னறிவிப்பை நம்பித் திட்டமிடக்கூடியது முதல் நான்கைந்து நாட்களுக்குத்தான்; எஞ்சிய நாட்களுக்குப் பருவத்தின் பொது இயல்பையே நம்பிச் செல்கிறீர்கள். நல்ல பருவத்திலும், வியாபாரக் காற்று எனப்படும், ஒரே திசையில் வீசும் வெப்பமண்டலக் காற்று சீராக வீசும் வழியிலும், இரவில் ஒரு கருமேகம் வந்து அரை மணி நேரத்தில் காற்றை இரட்டிப்பாக்கிவிட்டுப் போகும்.

உங்கள் கணவர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. படகில் வாழ்வோரைத் தவறான நாளில் கடலுக்குள் இழுத்துச் செல்வது பெரும்பாலும் மாதம் அல்ல, தேதி. ஒருமுறை, விமானத்தில் வந்து இறங்கவிருந்த உறவினரை அடுத்த தீவில் வரவேற்பதற்காக, எதிர்காற்று வலுக்கும் என்ற முன்னறிவிப்பைப் படித்த பின்னரும் நாங்கள் புறப்பட்டோம். முப்பது மணி நேரம் அலையில் முட்டி மோதி, முன்பாயைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அந்த உறவினரின் விமானமும் அதே காற்றால் தாமதமாகியிருந்தது. அதன் பிறகு விருந்தினருக்கு ஊரைச் சொன்னால் நாளைச் சொல்வதில்லை. நாளைச் சொன்னால் ஊரைச் சொல்வதில்லை.

கேள்வி: காற்று 18 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) ஆனதும் பாயைச் சுருக்க வேண்டும் என்று என் மனைவி வற்புறுத்துகிறார். படகு தாங்கும் என்பது எனக்குத் தெரியும். வேகம் குறைகிறது, சச்சரவு வளர்கிறது. இதில் யார் முடிவெடுக்க வேண்டும்?

பதில்: தங்கள் மனைவிதான். அவர் கடலைத் தங்களைவிட அதிகம் அறிந்தவர் என்பதற்காக அல்ல. அஞ்சுபவர் யாரோ அவருடைய சொல்லே நிற்க வேண்டும் என்பதற்காக.

முதலில் காற்றின் கணக்கைப் பார்ப்போம். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். 18 நாட்டிலிருந்து 25 நாட்டுக்கு ஏறுவது எண்ணளவில் சிறிய ஏற்றம். விசையளவில் அது ஏறத்தாழ இரு மடங்கு. அதோடு, படகில் நிற்பவர் உணரும் காற்று வேறு, உண்மையில் வீசும் காற்று வேறு. 20 நாட் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு 6 நாட் வேகத்தில் ஓடும் படகில் 14 நாட் காற்றே உணரப்படும். வெயிலும் இதமும் சேர்ந்து, இதற்குப் போய்ப் பாயைச் சுருக்குவதா என்று தோன்றும். ஏதோ ஒரு தேவைக்காகப் படகைக் காற்றை நோக்கித் திருப்பினால் அதே காற்று 24 நாட்டாகிவிடும். பாயின் மீதான விசை ஏறத்தாழ மூன்று மடங்காகும். அந்த நிலையில் பாயைச் சுருக்குவது இரண்டு கைகளுக்கு உரிய வேலையல்ல. படகில் விழித்திருப்பவர் ஒருவர் மட்டுமே எனில், அவரிடம் இருப்பதோ இரண்டு கைகள்.

வேகம் குறைகிறது என்கிறீர்கள். நீர்மட்டத்தில் 9 மீட்டர் நீளமுள்ள கனமான படகு, தானே எழுப்பும் அலையைத் தாண்டி ஓட முடியாததால், ஏறத்தாழ 7.3 நாட் வேகத்தைத்தான் இயல்பாக எட்டும். அதை நெருங்கிய பின் கூடுதலாக விரித்த பாய் படகைச் சாய்க்குமே தவிர விரைவுபடுத்தாது. சாய்ந்த படகு காற்று வரும் திசைக்கே திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானை இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடித்த சுக்கான் நீரில் தடையாக நிற்கும். தானியங்கிச் சுக்கான் பேட்டரியைத் தின்னும். பாயைச் சுருக்கிய பின் வேகமானி அரை நாட் குறைவாகக் காட்டலாம், சில சமயம் ஒன்றும் குறையாமலும் இருக்கலாம். நீங்களே ஒருமுறை எண்களைக் குறித்து வைத்துப் பாருங்கள்.

எங்கள் படகில் இரண்டு விதிகள் இருந்தன. சுருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் போதும். சுருக்கி முடிக்கும் வரை வாதம் கிடையாது. விரிப்பதற்கு மட்டும் இருவருடைய இசைவும் வேண்டும். இரவுக்கான பாயளவை அந்தி மறைவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவோம். பல இரவுகள் மெதுவாகவே போனோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரவுகளில் இருவரும் தூங்கினோம். தூக்கம் கெட்ட இருவர் மறுநாள் எடுக்கும் முடிவுகளோடு ஒப்பிட்டால் இழந்த மைல்கள் மலிவானவை.

கேள்வி: இரவுக் காவலை எப்படிப் பங்கிட்டுக் கொள்வது?

பதில்: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது, நான்கு மணி நேரமும் சிலருக்கு ஒத்துவரும். முதல் இரண்டு மூன்று நாட்கள் உடல் எந்த முறைக்கும் இணங்காது, கடல் நோயும் சேர்ந்துகொள்ளும். அதற்குரிய மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன்பே, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கண்காணிக்க வேண்டும் என்கிறது; 20 நாட் வேகத்தில் வரும் கப்பல் கால் மணி நேரத்தில் 5 கடல் மைல் கடந்துவிடும் என்பதை நினைத்தால் அந்த விதியின் பொருள் விளங்கும். காவலில் இருப்பவர் பாதுகாப்பு வாரைப் படகோடு பிணைத்திருக்க வேண்டும். உறங்குபவரை எழுப்பாமல் மேல்தளத்தின் முன்பகுதிக்குச் செல்லக் கூடாது. எழுப்பப்பட்டவர் முணுமுணுக்கவும் கூடாது. இதுதான் கடைப்பிடிக்க மிகக் கடினமான விதி.

கேள்வி: செயற்கைக்கோள் வழியாக முன்னறிவிப்பு கிடைக்கும் காலத்தில் காற்றழுத்தமானி தேவையா?

பதில்: தேவை. முன்னறிவிப்பு வரைபடம் பெரும்பரப்பின் சராசரியைக் காட்டுகிறது. காற்றழுத்தமானியோ உங்கள் தலைக்கு மேல் உள்ள காற்றின் எடையைக் காட்டுகிறது. ஆனால் அதை ஒருமுறை பார்த்தால் பயனில்லை; மணிக்கு ஒருமுறை ஏட்டில் எழுத வேண்டும், காவல் மாறும்போது இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் காலையும் இரவும் 10 மணியளவில் உயர்ந்தும், மாலையும் விடியலுக்கு முன்பும் 4 மணியளவில் தாழ்ந்தும், கடிகாரம் போல் ஏறி இறங்கும். இந்த வழக்கமான ஏற்ற இறக்கம் குலைந்து, உயர வேண்டிய நேரத்தில் அழுத்தம் தொடர்ந்து இறங்கினால் கவனியுங்கள். டச்சு வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்ட விதியும் உதவும்: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம் இருக்கும், தென் அரைக்கோளத்தில் வலப்பக்கம்.

முன்னறிவிப்பில் சொல்லப்படும் அலை உயரமும் மிகப்பெரிய அலையின் உயரமன்று. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியையே அது குறிக்கும். 3 மீட்டர் என்றால், எப்போதாவது ஒன்று 6 மீட்டரை நெருங்கி வரலாம்.

கேள்வி: மழை நாட்களில் படகின் உள்ளே எல்லாமே ஈரமாகிவிடுகிறது. வழி உண்டா?

பதில்: மழைநீர் காய்ந்துவிடும், கடல்நீர் காயாது, அதன் உப்பு காற்றின் ஈரத்தை மறுபடியும் இழுக்கும். கடல்நீர் பட்ட உடையைப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுவராதீர்கள்; பெய்யும் மழையிலேயே அலசிவிடுங்கள்.

கேள்வி: புயல் வருகிறது என்றால் அருகிலுள்ள துறைமுகத்துக்கு ஓடிவிடுவதுதானே அறிவு? நடுக்கடலில் என் கணவர் தவறி விழுந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற அச்சமும் என்னை விடவில்லை.

பதில்: காற்று வலுக்கும் முன்பே உள்ளே போய்விட முடியுமானால் போகலாம். காலம் கடந்துவிட்டால், கரையை நோக்கி வீசும் காற்றில், அறிமுகமில்லாத துறைமுக வாயிலை இருட்டில் தேடுவதைவிடக் கரையை விட்டு விலகி நிற்பதே நல்லது. நன்கு சுருக்கிய பாயோடு, முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்து, சுக்கானைக் காற்று வரும் பக்கம் படகைத் திருப்பும்படி கட்டிவைத்தால், பெரும்பாலான படகுகள் முன்னேறாமல், தத்தளிக்காமல், மெல்ல ஒதுங்கியபடி நிற்கும். லின் பார்டி, லாரி பார்டி தம்பதியர் 30 அடிக்கும் குறைவான, எஞ்சின் இல்லாத மரப் படகுகளில் பல்லாண்டு உலகக் கடல்களில் பயணம் செய்தவர்கள்; கடும் வானிலைக்கு அவர்கள் வலியுறுத்திய முறை இதுதான். நல்ல வானிலையில் பழகிப் பாருங்கள். திடீரென்று படகு அமைதியாவது முதல்முறை பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும்.

உங்கள் அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. 1957-இல் மைல்ஸ் ஸ்மீட்டன், பெரில் ஸ்மீட்டன் தம்பதியரின் சூ ஹாங் என்ற படகு, தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்ன் முனையை நோக்கிச் செல்கையில் பேரலையில் கவிழ்ந்து பாய்மரங்களை இழந்தது. சுக்கானைப் பிடித்திருந்த பெரில் கடலில் வீசப்பட்டார். உடன் இருந்தவர்கள் அவரைப் படகில் ஏற்றினார்கள், சேதமான படகைச் சிலி வரை கொண்டும் சேர்த்தார்கள். அந்தப் படகில் ஜான் கஸ்வெல் என்ற மூன்றாவது ஆள் இருந்தார். உங்கள் படகில் மூன்றாவது ஆள் இல்லை.

ஆகவே, பாயோடு செல்லும் படகை நீங்கள் தனியாக நிறுத்தவும், திருப்பிக் கொண்டுவரவும், நனைந்த உடையோடு கனக்கும் ஒருவரைப் பாய் ஏற்றும் கயிற்றையும் சுழல் உருளையையும் கொண்டு மேலே தூக்கவும் கற்க வேண்டும். காற்றில்லாத ஒரு நாளில் நங்கூரமிட்ட படகிலிருந்து உங்கள் கணவரைக் கடலில் இறங்கச் சொல்லுங்கள். தம் கையாலும் காலாலும் அவர் எந்த உதவியும் செய்யக் கூடாது, படகில் நிற்கும் உங்களுக்கு யோசனையும் சொல்லக் கூடாது. எங்கள் முதல் ஒத்திகையில் என் மனைவி என்னைத் தூக்கி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. தூக்கும் கயிற்றை அன்று மாலையே மாற்றினோம்.