பரணில் கிடக்கும் நோட்டுகள்: பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

போன வாரம் நீடாமங்கலத்திலிருந்து பேருந்து பிடித்துத் தஞ்சாவூர் வந்து, கல்வி ஆலோசனைக்காக என் எதிரே உட்கார்ந்ததும், பையிலிருந்து மகளின் காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையைத்தான் முதலில் எடுத்தீர்கள். அறிவியலில் 52. "எந்த நேரமும் பொம்மைக் கதைதான் சார். படிக்கிறதும் அதுதான், வரையறதும் அதுதான். எல்லா நோட்டையும் கட்டிப் பரண்ல போட்டுட்டேன்" என்றீர்கள். வெளியே பலர் காத்திருந்ததால் அன்று நிதானமாகப் பேச முடியவில்லை. அந்த நோட்டுகளை இன்றைக்கே இறக்கிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தை உங்கள் மகள் எனக்குக் காட்டினாள். ஆறு கட்டங்களில் ஒரு சித்திரக்கதை. முதல் கட்டத்தில் காய்ந்த வாய்க்கால். அடுத்ததில் வெடிப்புக்குள் ஒரு தவளை. மூன்றாவதில் தாத்தா வரப்பில் படுத்துத் தூங்குகிறார். நான்காவதில் அவர் பாதம் மட்டும், அதைச் சுற்றி ஈரம். 'தண்ணீர் வந்துவிட்டது' என்று எங்கேயும் எழுதவில்லை. மூன்றாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வெள்ளை இடத்தில் தண்ணீர் வந்தது எனக்குத் தெரிந்தது. எதைக் காட்ட வேண்டும், எதைப் படிப்பவருக்கு விட்டுவைக்க வேண்டும் என்று அந்தப் பெண் யோசித்திருக்கிறாள். பெரியவர்கள் எழுதும் எத்தனையோ பத்திகளில் இந்த யோசனையை நான் பார்த்ததில்லை.

சித்திரக்கதை படிப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு இடைவெளியிலும் என்ன நடந்திருக்கும் என்று மனம் ஊகித்துக்கொண்டே போகிறது. முகத்தைப் பார்த்து மனநிலையையும், நிழலைப் பார்த்து நேரத்தையும், எழுத்தின் அளவைப் பார்த்துக் குரலையும் கணக்குப் போடுகிறோம். பழகிய கண்ணுக்கு இது வேலையாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சொல்வளத்துக்கும் குறைவில்லை. ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-இல் ஆங்கிலத்தில் இதை எண்ணிப் பார்த்தார்கள். அன்றாடம் அதிகம் புழங்காத அரிய சொற்கள் சிறுவர் நூல்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 31 இருந்தன, காமிக்ஸில் 53.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமான சங்கதியும் இல்லை. 1960-இலிருந்து தினத்தந்தியில் வரும் கன்னித்தீவை எத்தனை பெரியவர்கள் டீக்கடை பெஞ்சில் எழுத்துக் கூட்டிப் படித்திருப்பார்கள்! எங்கள் பெரியப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் எழுத்தைப் பிடித்துக்கொண்டது அந்த மூன்று நான்கு கட்டங்களில்தான். படம் பாதி சொல்லிவிடும், மீதியைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் எழுத்தைத் துரத்துவார்.

உங்கள் ஊரிலிருந்து திருவாரூருக்கு ரயிலிலேயே போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தியாகராஜர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அங்கே தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வரைந்த முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக ஓடும். குரங்கு முகம் கொண்ட அந்த அரசன் இந்திரனுக்காகப் போருக்குப் போகிறான், பரிசாகத் தியாகராஜர் திருமேனியைக் கேட்கிறான். இந்திரன் அதே போல ஆறு செய்வித்து ஏழையும் வரிசையாக வைக்க, உண்மையானதை அடையாளம் கண்டுபிடிக்கிறான். காட்சிக்குக் காட்சி அதே ஆள் திரும்பத் திரும்ப வருவான். படங்களோடு என்ன நடக்கிறது என்று தமிழில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். படமும் எழுத்தும் கைகோத்து, வரிசையாகக் கதை சொன்னால் அதுதானே சித்திரக்கதை? தாராசுரம் கோயிலில் அறுபத்துமூவர் கதைகளைச் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கி, பெயரும் பொறித்திருப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை. உங்கள் மகள் செய்வது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இல்லை அம்மா. நம் கோயில்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான்.

சரி, 52-க்கு வருவோம். அந்த மதிப்பெண்ணை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வரைவதையே வழியாக வைத்து இப்படிச் செய்து பாருங்கள். ரத்த ஓட்டப் பாடத்தை அவள் ஒருமுறை படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு சிவப்பணுவின் பயணத்தை எட்டுக் கட்டங்களில் வரையட்டும். வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரலில் ஆக்சிஜன் மூட்டையைத் தூக்கிக்கொள்வது, இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. வால்வை ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மதகாக வரையலாம். வரைந்து முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, எந்தக் கட்டம் தப்பு என்று அவளே பார்க்கட்டும். தப்பிய இடம்தான் அவளுக்குப் புரியாத இடம். இதை மட்டும் விட்டுவிடக் கூடாது: கடைசியில் அதே எட்டுக் கட்டத்தையும் எட்டு வாக்கியமாக எழுத வேண்டும். தேர்வில் மதிப்பெண் வாக்கியத்துக்குத்தான். படத்தோடு நிறுத்திக்கொண்டால் 52 அப்படியே நிற்கும். பாடங்களைக் காமிக்ஸாகச் சொல்லும் முயற்சி அரசு அளவிலேயே நடக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. பாடங்களை ஒட்டி சி.பி.எஸ்.இ. பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் உருவாக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட காமிக்ஸ்கள் 2021-இல் வந்தன. தீக்‌ஷா என்ற அரசுக் கல்வி இணையதளத்தில் இருக்கின்றன.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. "இதை வச்சுச் சோறு திங்க முடியுமா?"

அவர் விவசாயி என்பதால் அவருக்குப் பிடிபடும் விதமாகச் சொல்கிறேன். அமெரிக்க ராணுவம் 1951-இல் தொடங்கிய ஒரு மாத இதழில், வண்டிகளையும் கருவிகளையும் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சிப்பாய்களுக்குக் காமிக்ஸாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வில் ஐஸ்னர் என்ற பெரிய ஓவியர் இருபது ஆண்டுகள் அதற்கு வரைந்தார். தடித்த கையேட்டில் இருந்ததைப் படக்கட்டங்களில் புரியவைப்பதே அவர் வேலை. இப்போது நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியை நினைத்துப் பாருங்கள். மேலே பயிர் பச்சையாக நிற்கும். பூச்சி தூரின் அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும். வயல் வட்ட வட்டமாகக் காய்ந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. தூரை விலக்கி அடியில் பார், யூரியாவை அள்ளிப் போடாதே, தண்ணீரை வடித்து வடித்துக் கட்டு, நடும்போதே எட்டு அடிக்கு ஒரு முறை ஒரு அடி இடைவெளி (பட்டம்) விடு. இவ்வளவையும் நான்கு கட்டங்களில் வரைந்து கூட்டுறவுச் சங்கச் சுவரில் ஒட்டினால், துண்டுப் பிரசுரம் படிக்காதவரும் நின்று பார்ப்பார். உங்கள் மகளால் அதை இன்றைக்கே வரைய முடியும். அப்பாவிடம் கேட்டு வரையச் சொல்லுங்கள். ஊருக்குத் தேவையான ஒன்றைப் புரியும்படி சொல்லத் தெரிந்தவருக்கு, விவசாயத் துறையோ சுகாதாரத் துறையோ பாடநூலோ விளம்பரமோ, எங்கோ ஓரிடத்தில் வேலை இருக்கும்.

படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டப்படிப்பு. அங்கே ஓவியம், சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு உண்டு. என் முதல் பரிந்துரை அதுதான். தஞ்சாவூரில் பிறந்த ஓவியர் கோபுலு படித்தது கும்பகோணம் ஓவியப் பள்ளியில்தான். அங்கிருந்து ஆனந்த விகடனுக்குப் போனார், பிறகு விளம்பரத் துறையிலும் கால் பதித்தார். இன்னும் பெரிய கனவு இருந்தால் அகமதாபாத் என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர யூசீட் என்ற நுழைவுத் தேர்வு. இரண்டுக்கும் பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் படிக்கலாம். ஆனால் யூசீட் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ்வழியில் படிப்பதால் ஆங்கில வாசிப்பை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். அதற்கும் ஆங்கில காமிக்ஸ் நல்ல வழி.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஆறு மாதத்தில் அனிமேஷன், நூறு சதவீதம் வேலை என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடங்களுக்கு நகையை அடகு வைத்துப் போகாதீர்கள். அப்படிப் போய், வேலையும் கிடைக்காமல் கடனோடு திரும்பிய பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். இன்னொன்று வருமானம். தொடக்க ஆண்டுகளில் இந்தத் தொழிலில் அது ஒரே சீராக வராது. போதாததற்கு, சாதாரணப் படம் போடும் வேலையில் ஒரு பங்கை இப்போது கணினியே செய்துவிடுகிறது. எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது, எதை விடுவது என்ற யோசனைதான் அவள் கைமுதல். அதனால் கையோடு அறிவும் வளர வேண்டும். வரலாறு, அறிவியல், தமிழ் எல்லாம் வேண்டும். அவள் ஓவியராகவே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. செவிலியராகவோ ஆசிரியராகவோ போனாலும், நோயாளிக்கும் மாணவருக்கும் நாலு கோட்டில் விளக்கத் தெரிந்தவளாகப் போவாள்.

தினமும் பாடம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் வரையட்டும். அட்டைப் படத்தைப் பார்த்து வரைவதைக் குறைத்துக்கொண்டு, பேருந்து நிலையம், சந்தை, நடவு வயல் என்று கண்ணால் பார்த்ததை வரையச் சொல்லுங்கள். கல்லூரிச் சேர்க்கையில் உதவப்போவது அந்தப் பயிற்சிதான். ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு வைக்கட்டும்.

அரையாண்டு முடிந்ததும் இருவரும் வாருங்கள், முடிந்தால் அவள் அப்பாவும் வரட்டும். மதிப்பெண் அட்டையோடு தாத்தா கதையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஆறாவது கட்டத்தில் தாத்தா எழுந்து நின்று, வாயில் கைகுவித்து யாரையோ கூப்பிடுகிறார். யாரை என்று கேட்டேன். "அது அடுத்த நோட்டுல இருக்கு சார், பரண்ல" என்றாள்.