ஊசி குத்தினால் பரவிவிடுமா?

கேள்வி: என் அண்ணனுக்குத் தொடையில் வலியில்லாத கட்டி. சார்கோமாவாக இருக்கலாம், ஊசி மூலம் சதை எடுத்துப் பார்க்கணும் என்கிறார் டாக்டர். ஊசி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் பயம். நேரடியாகக் கட்டியை எடுத்துவிட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சார்கோமா என்பது தசை, கொழுப்பு, எலும்பு போன்றவற்றில் தோன்றும் புற்றுநோய். 50-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எந்த வகை, எவ்வளவு வீரியம் என்று தெரியாமல் கத்தி வைத்தால் மிச்சம் உள்ளே தங்கிவிடலாம். அப்புறம் இரண்டாவது அறுவை சிகிச்சை இன்னும் பெரிதாகிவிடும். அப்படி என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

முறையாகச் செய்தால் ஊசியால் பரவும் ஆபத்து மிகக் குறைவு. முதலில் எம்.ஆர்.ஐ., பிறகுதான் ஊசி. அது எங்கே நுழைய வேண்டும் என்பதை அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவே முடிவு செய்யட்டும். தேவைப்பட்டால் ஊசி போன தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடலாம். சதைத் துணுக்கை சார்கோமாவில் அனுபவமுள்ள நோயியல் நிபுணர் பார்ப்பது முக்கியம். நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள், பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும்.

காலை எடுத்துவிடுவார்களோ என்று கேட்க உங்கள் அண்ணன் தயங்கியிருப்பார். இன்று பெரும்பாலோருக்குக் காலைக் காப்பாற்றியே கட்டியை அகற்றுகிறோம். பலருக்குக் கதிர்வீச்சும் சேர்த்துத் தருகிறோம். இதை இன்றே அவரிடம் சொல்லுங்கள்.