போனில் எடுத்த வீடியோவுக்கு எடிட்டிங்கில் ஆடியோ போகப்போக விலகுகிறதே, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள். போனில் எடுத்த வீடியோ என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள், காரணம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். சிஸ்டம் ஸ்லோ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதைச் சோதிப்பது எளிது. விலகல் தெரியும் இடத்தில் ஐந்து நிமிடத் துண்டைத் தனி வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்து விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் சிஸ்டம்தான் திணறுகிறது. அதிலும் விலகினால் கோப்பில்தான் கோளாறு, எந்தக் கார்டு போட்டாலும் விலகும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. தஞ்சாவூரில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அரங்கேற்றம் எடுத்தேன். நடுவில் என் கேமரா, பக்கவாட்டில் ஸ்டாண்டில் ஒரு போன், ஆடியோ தனியாக மிக்ஸரிலிருந்து. வர்ணம் என்ற நீண்ட உருப்படி மட்டும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எடிட்டில் தொடக்கத்தில் எல்லாம் பொருந்தியது. கடைசித் தீர்மானம், அதாவது ஜதியை முடிக்கும் அடவுகள், வரும்போது போன் கோணத்தில் பாதம் முன்னாடி விழுகிறது, சலங்கை பின்னாடி கேட்கிறது. நான் மூன்று இரவு உட்கார்ந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு வெட்டு போட்டுத் தள்ளித் தள்ளி வைத்தேன். வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் மறுபடி விலகும். முடிந்தவரை சரி என்று கொண்டுபோய்க் காட்டினேன்.

அந்தப் பெண்ணின் குரு பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். அப்புறம், "தம்பி, இதைப் பாக்கறவங்க பொண்ணுக்குத் தாளம் நிக்கலைன்னு சொல்லுவாங்களேப்பா" என்றார். ஒன்பது வருடம் கற்ற பெண். மேடையில் ஒரு அட்சரம்கூடத் தவறவில்லை, நான் கூடவே நின்று பார்த்தவன். என் வேலை அவள்மேல் பழி போட்டுவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் மனசு சங்கடப்படும்.

வீட்டுக்கு வந்து போனில் எடுத்த கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்தேன், கோப்பின் விவரங்களைக் காட்டும் மென்பொருள் அது. ஃபிரேம் ரேட் என்றால் விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு; ஃபிரேம் ரேட் மோடு என்ற இடத்தில் 'வேரியபிள்', அதாவது மாறிக்கொண்டே இருப்பது, என்று இருந்தது. அதிகபட்சம் 30-ஐ ஒட்டி, குறைந்தபட்சம் 24-ஐ ஒட்டி. வர்ணத்துக்கு அரங்க விளக்கைக் குறைத்திருந்தார்கள். வெளிச்சம் போதாதபோது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் கொடுக்க, போன் தானாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. நான் வைத்திருந்த எடிட்டிங் மென்பொருளோ எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் வருவதாக எடுத்துக்கொண்டது. விளக்கு மங்கிய இடத்திலெல்லாம் படம் ஆடியோவைவிட வேகமாக ஓடிவிட்டது.

தீர்வு ஹேண்ட்பிரேக், வீடியோவை வேறு வடிவுக்கு மாற்றும் மென்பொருள். இலவசம். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 'சேம் ஆஸ் சோர்ஸ்' என்று விடாமல் 30 என்று தேர்ந்தெடுத்து, கீழே 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) என்பதை அமுக்குங்கள். தரத்துக்கு ஆர்எஃப் என்ற அளவை 18-இல் வைத்தால் போதும், எண் குறையக் குறையத் தரம் கூடும். வெளியே வரும் கோப்பைத்தான் டைம்லைனில் போட வேண்டும், மூலக் கோப்பை அல்ல. அந்த வர்ணத்தை இப்படி மாற்றி ஒரே ஒரு இடத்தில் பொருத்தினேன், கடைசி வரை நின்றது. புதுப் பிரதியைக் குருவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்படி மறுபடி என்கோட் செய்தால், அதாவது வீடியோவைத் திரும்பச் சுருக்கி எழுதினால், தரம் போகும் என்று சிலர் எழுதுவார்கள். கொஞ்சம் போகும், மறுக்கவில்லை. ஆர்எஃப் 18-இல் என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை, தாளம் தப்புவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். போனில் எடுத்ததே தப்பு என்பவர்களுக்கும் சொல்கிறேன்: எல்லாரிடமும் இரண்டு கேமரா இருக்காது. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் வேரியபிள் கோப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வசதி இருக்கிறது, தெரியும். நீண்ட கோப்பு என்றால் நான் இன்னும் மாற்றிவிட்டுத்தான் தொடுகிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால் ஆடியோவை நகர்த்தினால் போதும். ஒரே சீராக வளர்ந்துகொண்டே போனால் 29.97 ஃபிரேம் ரேட்டை 30 என்று எடுத்துக்கொண்ட குழப்பமாக இருக்கலாம், மணிக்கு 3.6 விநாடி வித்தியாசம் வரும். ஓரிடத்தில் வேகமாகவும் ஓரிடத்தில் மெதுவாகவும் விலகினால் வேரியபிள்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக உறுத்துகிறது. அரங்கேற்ற வீடியோ, கல்யாண வீடியோ எதைப் பார்த்தாலும் டைட்டிலில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கின்றன. மணமகள் பெயரே உடைந்து கிடக்கிறது. கேட்டால் "சாஃப்ட்வேர் அப்படித்தான்ணே" என்கிறார்கள். பிரீமியரில் பிரிஃபரன்சஸ், கிராபிக்ஸ் போய் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றி, ஒரு யூனிகோட் எழுத்துரு வைத்தால் சரியாக வரும். அரை நிமிட வேலை. காசு வாங்கிக்கொண்டு அதைக்கூடச் செய்யாமல் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, உங்கள் கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்து அந்த வரியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். 'கான்ஸ்டன்ட்' என்று இருந்தால் ஆடியோ எதில் பதிவானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.