மருதம்பட்டையும் மாத்திரையும்: வாசகர் கேள்விகள்

இதயத்துக்காக, ஆற்றங்கரை மருத மரத்துப் பட்டையை நாங்களே உரித்துக் கஷாயம் வைக்கலாமா? (வாசகி, பவானி)

நீர்மருதுதானா என்று முதலில் பாருங்கள். அதன் பட்டை வெளுத்து வழவழவென்றிருக்கும், செதிலாக உரியும். முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தால் கருமருது. பொடி ஒரு டீஸ்பூன், பால் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. தண்ணீர் சுண்டிப் பால் மட்டும் மிஞ்ச வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவரா? அதை எழுதவே இல்லையே!

செம்பருத்தி டீ பிரஷரைக் குறைக்குமா? (பொள்ளாச்சி)

ஆய்வுகளில் ஓரளவு குறைத்தது புளிச்சக்கீரை இனத்து ரோசெல் செடியின் சிவந்த புல்லிதழ். உங்கள் வேலியோரச் செம்பருத்தி வேறு.

மாமாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் கம்பி வலை) வைத்து 4 மாதம். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர், தேன் கலவை அடைப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்ஆப்பில் வந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? (தாராபுரம்)

கூடாதுங்க. இதே கேள்வி மாதம் பத்துத் தடவை வருகிறது, எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அடைப்பு என்ன, தொட்டியில் படிந்த பாசியா, புளி போட்டுத் தேய்த்தால் போவதற்கு? கொழுப்பும் சுண்ணாம்பும் ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே சேர்ந்து தடித்திருக்கிறது. வயிற்றுக்குப் போன எலுமிச்சைச் சாறு அங்கே போய் எதையும் அரிக்காது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொடுப்பது அந்தக் கம்பி வலைக்குள் ரத்தம் உறையாமலிருக்க. நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும், ஆளே போய்விடலாம். இரண்டு மாத்திரையும் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஓடும். எப்போது நிறுத்துவது என்று ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். வைத்தியன் நானே சொல்ல மாட்டேன், ஃபார்வர்டு அனுப்பியவர் யார் சொல்ல?

சரி, மாத்திரையோடு கலவையும் குடிக்கலாமே என்பீர்கள். பூண்டுச் சாறும் இஞ்சிச் சாறும் அளவு மீறினால் ரத்தம் உறைவதை இன்னும் தடுக்கும். அப்படிக் குடித்த ஒருவர் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் போட்டார். ரசத்தில் நாலு பல் பூண்டு தட்டிப் போடுங்கள், அது சாப்பாடு.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். முருங்கைக்கீரை சாப்பிடலாமா? (மூலனூர்)

மாத்திரை பெயரை எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான். கீரையை அடியோடு விட வேண்டாம், அளவை மாற்றாதீர்கள். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறுவாரம் சுத்தமாக இல்லை என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பரிசோதனை அளவு) தாறுமாறாகும்.

இருமலுக்கு அதிமதுரம் மெல்லலாமா? பிரஷர் உண்டு. (கோபி)

வேண்டாம். பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

நேற்று ராத்திரி நெஞ்சை அடைத்தது, இடது கை வலித்தது, வேர்த்துக் கொட்டியது. வாயுதானே? ஓமத்தண்ணீர் போதுமா? (காங்கயம்)

இதையெல்லாம் கடிதம் போட்டா கேட்பார்கள்? 108-ஐக் கூப்பிடுங்கள், இப்போதே. ஓமத்தண்ணீரை அப்புறம் பார்க்கலாம்.