கரண்ட் போய் வந்ததுக்குப் பிறகு நீலத் திரை, விண்டோஸ் பூட் ஆகேல்ல

விண்டோஸைத் திரும்பப் போடாதேங்கோ, நீங்க சொல்ற 'இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்' எண்ட பிழை (விண்டோஸ் இருக்கிற டிஸ்கைத் திறக்க ஏலாது எண்டது) நீலத் திரையில வந்த உடன டிஸ்க் செத்துப்போச்செண்டு இல்லை, முதல்ல பயோஸுக்குள்ள (விண்டோஸுக்கு முதல் ஓடுற அடிப்படை செட்டிங்ஸ்) போய் சாட்டா மோட் (டிஸ்க் போர்டோட பேசிற முறை) ரெய்டுக்கு மாறிக் கிடக்கோ எண்டு பாருங்கோ, முந்தி ஏஎச்சிஐ எண்ட மற்ற மோட்டில விண்டோஸ் போட்டதெண்டா அதுக்கே மாத்தி சேவ் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுங்கோ.

அநேகமா மதர்போர்டில இருக்கிற சிஆர் 2032 வட்டப் பற்றரி முடிஞ்சிருக்கும், கரண்ட் நிண்டா செட்டிங்ஸ் எல்லாம் டிபால்ட்டுக்குப் போயிடும். பயோஸில திகதி பழைய வருசம் காட்டினா அதுதான் கேஸ். புதுசுக்கு 3 வோல்ட், மீட்டரில நல்லாக் குறைஞ்சிருந்தா மாத்துங்கோ. கிளிநொச்சி டவுனுக்கு வந்தா மணிக்கூடு திருத்திற கடையிலயும் கேட்டுப் பாருங்கோ.

பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா மட்டும் கவனம், செட்டிங்கில கை வைக்க முதல் அந்தப் பூட்டைத் திறக்கிற 48 இலக்க ரிக்கவரி கீயைத் தேடி எடுத்து வையுங்கோ.