ஒப்பிட்டது யாரோடு? மரபணு வம்சாவளி: கேள்வி பதில்

மனிதக் கூட்டங்களின் மரபணு வம்சாவளி குறித்து வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களை எழுதுகிறேன். சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்கு ஒரே வரியில்.

கேள்வி: டிஎன்ஏ சோதனையில் எனக்கு மூன்று பகுதிகளின் பெயர் வந்திருக்கிறது: 62, 31, 7 சதவீதம். அந்த 7 சதவீதம் எந்த முன்னோர் கொடுத்தது?

பதில்: ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. அது உங்கள் உடலில் பொறித்து வைத்த எண் அன்று. உங்கள் டிஎன்ஏ துண்டுகளை, சோதித்தவர்கள் வைத்திருக்கும் மாதிரிகளோடு சேர்த்துப் பார்த்து, எது எதற்கு நெருக்கம் என்று கணித்த மதிப்பீடு. அந்த மாதிரிகளும் பெரும்பாலும் இன்று வாழ்பவர்களுடையவை. உங்கள் முப்பாட்டன் காலத்தவை அல்ல. உங்கள் மக்கள் அந்தத் தொகுப்பில் இல்லாவிட்டால், பக்கத்தில் இருக்கும் வேறொருவர் பெயர் உங்கள் மீது ஒட்டப்படும். தொகுப்பைப் புதுப்பித்தால் உங்கள் சதவீதமும் மாறிவிடும். எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் முதலில் கேளுங்கள்: ஒப்பிட்டது யாரோடு?

கேள்வி: எனக்கும் என் தங்கைக்கும் ஒரே பெற்றோர். ஆனால் சதவீதங்கள் வேறு. சோதனை தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருகிறது. எந்தப் பாதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறு. உடன்பிறந்தவர்கள் சராசரியாக 50 சதவீதம் பகிர்கிறார்கள் என்றாலும், அளந்து பார்த்தபோது ஏறத்தாழ 37 முதல் 61 வரை வந்திருக்கிறது. பின்னோக்கிப் போனால் இது இன்னும் கூர்மையாகிறது. பத்துத் தலைமுறைக்கு முன் உங்கள் குடும்ப மரத்தில் 1,024 இடங்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் டிஎன்ஏ உங்களிடம் ஒரு துளிகூட இல்லை. அவர்கள் உங்கள் முன்னோர்தான், ஐயமில்லை. ஆனால் மரபணுவில் தடயம் விட்டுச் செல்லவில்லை.

கேள்வி: என் மைட்டோகாண்ட்ரியா வகை இன்னது என்று வந்தது. அதுதானே என் பூர்வீகம்?

பதில்: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அது தாயின் தாயின் தாய் என்று போகும் ஒற்றைக் கோடு. மேலே சொன்ன 1,024 இடங்களில் ஓரிடம். மற்ற 1,023 பேரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கேள்வி: இனம் என்பது உயிரியல் உண்மையா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

பதில்: ஒரே சொல்லில் சொன்னால் பொய்யாகிவிடும். 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டபோது, மனித மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2002இல் 52 கூட்டங்களைச் சேர்ந்த 1,056 பேரின் டிஎன்ஏவில் 377 இடங்களை ஒப்பிட்ட ஆய்விலும், 93 முதல் 95 சதவீத வேறுபாடு கூட்டத்துக்குள்தான். அதே ஆய்வில், ஸ்ட்ரக்சர் என்ற மென்பொருள் ஐந்து குழுக்களாகப் பிரித்தபோது அவை பெருமளவு கண்டங்களோடு ஒத்துப்போயின. இரண்டும் உண்மை. தனித்தனியே பார்த்தால் அற்பமான வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் சேரும்போது, ஒருவர் வந்த நிலப்பகுதியை ஊகிக்க முடிகிறது. ஆனால் எத்தனைக் குழுக்கள் என்பதை அங்கே தீர்மானிப்பது ஆய்வாளர். ஐந்தை ஆறாக்கியபோது, ஆறாவதாகப் பிரிந்தவர்கள் பாகிஸ்தானின் மலைப்பகுதியில் வாழும் கலாஷ் என்ற மிகச் சிறிய மக்கள்.

கேள்வி: அப்படியானால் கலாஷ் தனி இனம் என்று கணினியே ஒப்புக்கொள்கிறதே!

பதில்: இல்லை. எண்ணிக்கையில் சிறிய கூட்டம் நெடுங்காலம் தனித்து வாழ்ந்தால், தற்செயலாகவே சில மரபு வகைகள் அங்கே பெருகும், சில மறையும். மென்பொருள் அந்த விலகலைத்தான் கண்டு, தான் வரையும் வண்ணப்பட்டையில் (ஒருவருக்கு ஒரு பட்டை, குழுவுக்கு ஒரு நிறம்) தனி நிறமாகக் காட்டியது. விலகல் வேறு, தனித் தோற்றம் வேறு.

கேள்வி (அதே நண்பர்): யார் மனமும் புண்படக்கூடாது என்று மழுப்புகிறீர்கள். பட்டை வேறு நிறத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

பதில்: மழுப்பவில்லை நண்பரே. இந்தப் பட்டைகளோடு பல ஆண்டு வேலை செய்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2018இல் லாசன், வான் டோர்ப், ஃபாலுஷ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மூன்று கற்பனை வரலாறுகளைக் கணினியில் உருவாக்கினார்கள். முதலாவதில் ஒரு கூட்டம் உண்மையிலேயே அண்மையில் கலந்தது. இரண்டாவதில் அது மாதிரி எடுக்கப்படாத, நமக்குத் தெரியாத ஒரு கூட்டத்தோடு கலந்தது. மூன்றாவதில் கலப்பே இல்லை. அதன் உறவுக் கூட்டம் எண்ணிக்கையில் மிகவும் சுருங்கி விலகிப்போனது. மூன்றிலும் அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த வண்ணப்பட்டை ஏறக்குறைய ஒன்றே! பட்டையைப் பார்த்து வரலாற்றைப் படிக்க முடியும் என்றால், இந்த மூன்றில் எது நடந்தது என்று சொல்லுங்கள்.

கேள்வி (மீண்டும் அவரே): அப்படியானால் இந்த முறையே வீண்தானே?

பதில்: அதுவும் இல்லை. இந்தக் கேள்வி நியாயமானது. பட்டை ஒரு தொடக்கம். அதைப் பிற சான்றுகளோடு உரசிப் பார்க்க வேண்டும். கலப்பு அண்மையில் நடந்திருந்தால் ஒரே மூலத்திலிருந்து வந்த துண்டுகள் நீளமாக இருக்கும். தலைமுறை கூடக்கூட அவை சிறுத்துப்போகும். நீளத்தை அளந்தால் காலம் கிடைக்கும். பழைய எலும்புகளின் டிஎன்ஏ இருந்தால் இன்னும் நல்லது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் சராசரி 73.2 சதவீதம் ஆப்பிரிக்கம், 24 சதவீதம் ஐரோப்பியம், 0.8 சதவீதம் அமெரிக்கப் பழங்குடி என்று வந்தது. அந்த எண்களை நம்ப முடிவதற்குக் காரணம், அடிமை முறையின் வரலாறு எழுத்தில் இருப்பதுதான்.

கேள்வி: எனக்கு 3 சதவீதம் ஒரு தொலைதூரத் தீவு வந்திருக்கிறது. யார் அது?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் 2 சதவீதம் புரியாத ஒரு நாடு...

பதில்: முதல் பதில். தயவுசெய்து கேட்பதற்கு முன் படியுங்கள். ஒப்பிட்டது யாரோடு?

கேள்வி: நியாண்டர்தால் 2 சதவீதம் என்றால் நான் பாதி குகை மனிதனா?

பதில்: பாதி இல்லை. நியாண்டர்தால் ஒரு பழைய மனிதக் கூட்டம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட எல்லோரிடமும் அதன் டிஎன்ஏ ஏறத்தாழ அவ்வளவு உண்டு, ஆப்பிரிக்கர்களிடமும் சிறிதளவு உண்டு. திபெத்தியர்கள் உயர மலைக்காற்றைத் தாங்க உதவும் இபாஸ்1 மரபணு வகை, டெனிசோவன் என்ற இன்னொரு பழைய மனிதக் கூட்டத்திடமிருந்து வந்தது. இவை வெட்கப்பட வேண்டியவை அல்ல.

கேள்வி: அரிவாள் செல் நோய் கறுப்பர்களின் நோய்தானே? மருத்துவர் இனத்தைப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. இந்த ரத்த நோயைத் தரும் மரபு வகை மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால், மலேரியா இருந்த இடங்களில் தங்கியது. கிரேக்கத்திலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்முனையிலோ அரிது. தோல் நிறத்தை வைத்து ஊகிப்பவர் ஒரு குழந்தையின் நோயைத் தவறவிடக்கூடும். மரபணுவையே சோதிக்க வேண்டும். இதில் ஒரு பெரிய அநீதியும் இருக்கிறது: 2016இல் கணக்கெடுத்தபோது, நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 சதவீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அங்கே கற்ற அபாயக் கணிப்பை மற்றவர்கள் மீது வைத்தால் துல்லியம் சரிகிறது. இங்கும் அதே கேள்விதான்.

கேள்வி: என் சோதனையில் ஒரு புற்றுநோய் மரபணு வகை வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உடனே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் மறுசோதனை செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: டிஎன்ஏவும் வரலாறும் அழகாகப் பொருந்திய ஓர் இடம் சொல்லுங்களேன்.

பதில்: மடகாஸ்கர். ஆப்பிரிக்கக் கரையருகே இருக்கும் தீவு. ஆனால் அங்கே பேசும் மலகாசி மொழியின் நெருங்கிய உறவு போர்னியோத் தீவில், ஏறத்தாழ 7,000 கி.மீ. கடலுக்கு அப்பால். மொழியறிஞர்கள் இதை முன்பே கண்டுவிட்டார்கள். மரபணுவைப் படித்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவும் தென்கிழக்காசியத் தீவுகளும் அந்த மக்களிடம் பின்னிக் கிடந்தன. தீவின் நடு மேட்டுநிலத்தில் ஆசியப் பங்கு கூடுதல். கரையோரங்களில் ஆப்பிரிக்கப் பங்கு கூடுதல்.